நாலாம் டிவிஷனின் பேய் வீடியோ

சுமலதாவுக்கு வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் லீவு. மஞ்சூரில் மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால் ஆறு நாள் நின்றுவிட்டு, ஏழாம் நாள் காலை நீட்டிப் படுப்பதை அவள் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த ஞாயிறு மத்தியானம் மட்டும் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தேயிலைக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதையில் தெய்வம்மா வீட்டுக்கு நடந்தாள். தெய்வம்மா, ரவிக்குமாரின் அம்மா. ரவிக்குமார் இறந்து நாலு மாதம் முடிந்திருந்தது. பைக்குள் இருந்த வீடியோவில் அவன் எழுந்து வந்து டிரம்ஸ் வாசித்தான். அதை வெளியிடலாமா என்று பெற்றவளிடம் கேட்க வேண்டும். அவள் வேண்டாமென்றால் வேண்டாம்தான். அதைப் பாட்டுக் குழுவில் மிச்சமிருந்த மூன்று பேரும் பேசி முடித்திருந்தார்கள்.

கேட்கப் போவது யார் என்பதற்கு மட்டும் பேச்சே நடக்கவில்லை. தான்தான் போக வேண்டும் என்று சுமலதா தானாகவே முடிவு செய்துகொண்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நாலு மாதமாக அது அவள் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

குழுவின் பெயர் நாலாம் டிவிஷன். நாலு பேரும் பிறந்தது குந்தா பக்கத்து எஸ்டேட்டின் நாலாம் டிவிஷனில். வேறு பெயர் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சுமலதா பாட்டு, முத்துராஜ் கிட்டார், ஜெஸிந்தா பேஸ் கிட்டார், ரவிக்குமார் டிரம்ஸ். நாலு பேருடைய பெரியவர்களும் சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இதைக் கேட்டதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் உண்டு. அப்படி மூன்று கூட்டம் வந்து போயிருக்கிறது. வந்தவர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் எடுத்தார்கள்: ஒழுகுகிற கூரை, வெடித்த கை, முதுகில் கொழுந்துக் கூடை, பின்னணியில் ஒரு புல்லாங்குழல். பாட்டுக்காரர்களைப் பற்றிய படம் என்று சொல்லிவிட்டுப் பாட்டில் இருபது விநாடிகூட வைக்கவில்லை.

ஆகவே குன்னூரில் கல்யாண வீடியோ எடுக்கிற சில்வஸ்டர், காசு வாங்காமல் உங்களுக்கு ஒரு மியூசிக் வீடியோ எடுத்துத் தருகிறேன் என்று சொன்னபோது, சுமலதா முதலில் கேட்டதே, "எந்த மாதிரி எடுப்பீங்கண்ணா?" என்பதுதான்.

சில்வஸ்டர் உலகத்து ராக் வீடியோக்களையெல்லாம் கரைத்துக் குடித்தவன். கல்யாணங்களில் மாப்பிள்ளையைத் தாலி கட்ட வைத்துக்கொண்டே அதைப் பற்றி யோசிக்கிறவன். அவன் விரல் விட்டு எண்ணினான்.

"சின்ன பேண்டுங்க வீடியோன்னா அச்சு கொஞ்சந்தாங்க. பழைய குடோன்ல லைட்டப் போட்டு வாசிக்கறது ஒண்ணு. வேன்ல ஊர் ஊராப் போறது ஒண்ணு. குதிர, தொப்பி, துப்பாக்கின்னு கௌபாய் வேசம் ஒண்ணு. அப்பறம் பேய்ப் படம். எந்த அச்சுல ஊத்துறமோ அந்த மாதிரிதான் ஜனம் உங்களப் பாக்கும். குடோன்ல வாசிச்சா கோவக்காரங்க. வேன்ல போனா நல்ல கூட்டாளிங்க. யாருன்னு நீங்க சொல்லவே வேண்டாம், படத்தோட சாதி சொல்லிரும்."

"பேய்ப் படத்துல?"

"அதுல நாலு பேரும் சாவீங்க. கடைசியில எந்திரிச்சு வந்து வாசிப்பீங்க. செத்தாலும் அடங்காதவங்கன்னு அர்த்தம்."

சுமலதா கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் யோசித்தது வேறு. பேய்ப் படத்தில் பேயைப் பார்த்து யாரும் பாவம் என்று உச்சுக்கொட்டுவதில்லை. பயப்படுவார்கள், சிரிப்பார்கள், கைதட்டுவார்கள். பரிதாபப்பட மாட்டார்கள். அது ஒன்றுக்காகவே அவளுக்கு அந்த வகை பிடித்துப்போயிற்று.

"பேய்தான் வேணும்ணா," என்றாள்.

கதை ஒரே சாயங்காலத்தில் தயாராகிவிட்டது. இந்த வகையில் ஒரு வசதி உண்டு: யார் எப்படிச் சாகிறார் என்பதிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். முத்துராஜ் எதையும் பிரித்து மேய்கிறவன். அவனுக்கு ஆம்ப்ளிஃபயரில் கரண்ட் அடிக்கும். ஜெஸிந்தா யாருக்கும் வழிவிடாதவள். காட்டெருமைக்கு எதிரே நின்று, நீ தள்ளிப் போ என்பாள். சுமலதா மேல் ஸ்தாயியில் ஒரு இழுப்பு இழுத்து மூச்சு நின்று விழுவாள். மூன்று பாடைக்கும் முன்னால் கழுத்தில் ஒரு டிரம்மை மாட்டிக்கொண்டு ரவிக்குமார் அடித்துக்கொண்டே போவான். எல்லாரையும் அனுப்பிவிட்டுக் களைத்துப்போய், நாலாவது பாடையில் தானே ஏறிப் படுத்துக்கொள்வான். அவனுக்கு அடிக்க ஆளிருக்காது. பாட்டு அந்த இடத்தில் பன்னிரண்டு விநாடி மௌனமாகும். பிறகு நாலு பேரும் எழுவார்கள்.

பன்னிரண்டு விநாடி மௌனம் ரவிக்குமாரின் யோசனை. டிரம்ஸ் வாசிக்கிறவன் மௌனம் கேட்டது இதுதான் முதல் தடவை என்று எல்லாரும் அவனை ஓட்டினார்கள்.

எமரால்டு பக்கத்தில் கைவிட்ட தேயிலைக் காடு ஒன்றில் மூன்று நாள் எடுத்தார்கள். நாலாம் டிவிஷனிலேயே பாடை கட்டியிருந்தால் பெரியவர்கள் விளக்குமாற்றால் அடித்திருப்பார்கள். அதனால் யாருக்கும் சொல்லவில்லை. டிரம்ஸ் செட்டை ஏற்றி வர வேன் முதல் நாள் மட்டும்தான் கிடைத்தது. ஆகவே நாலு பேரும் எழுந்து வாசிக்கிறதை முதல் நாளே எடுத்தார்கள். படுக்கிறதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டார்கள்.

சில்வஸ்டருக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. பிணத்துக்கு என்னென்ன செய்வது என்று அவன் பட்டியல் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அதை யாரும் கேட்கவே இல்லை. தோட்டத்தில் சாவு விழுந்தால் ஆஸ்பத்திரி ஆளையோ அமரர் ஊர்தியையோ எதிர்பார்த்து யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அக்கம்பக்கம்தான் எல்லாம் செய்ய வேண்டும். நாலு பேரும் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து செய்தவர்கள். முத்துராஜ் மூங்கிலைப் பிளந்து பாடை கட்டினான். ஜெஸிந்தா நெற்றிக்குக் காசு எடுத்து வைத்தாள். சுமலதா வெள்ளைத் துணியைக் கிழித்து ரவிக்குமாரின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். நடிப்புக்குத்தான் என்றாலும் அரைகுறையாகக் கட்ட அவளுக்குக் கை வரவில்லை. முதல் நாளும் கட்டினாள், கடைசி நாளும் கட்டினாள்.

"கூச்சமா இருக்கு, சீக்கிரம் கட்டு," என்றான் அவன். 

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் இடத்தை விட்டு இறங்குவதற்கு முன்னால் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நடித்தது பலித்துவிடும் என்று பயம். பெரிய பெரிய ஆட்களே இதை மீறுவதில்லை. கல்யாண வீடியோக்காரனான சில்வஸ்டரும் இதில் மட்டும் கறார். முத்துராஜ் சிரித்தான், ஜெஸிந்தா சிரித்தாள், சுமலதா பல்லைக் காட்டினாள். ரவிக்குமாரின் முறை வந்தபோது ஏரிப் பக்கமிருந்து மிஸ்ட் ஏறிவிட்டது. ஐந்தடி தள்ளி நின்ற ஆள் தெரியவில்லை. லென்ஸைத் துடைக்கத் துடைக்க ஈரம் படிந்தது.

"ஒரு பத்து நிமிசம் பாக்கலாம், கலஞ்சுரும்," என்றான் சில்வஸ்டர்.

கேட்டு வாங்கிய லீவு முடிந்துவிட்டது, சுமலதா மறுநாள் காலை கடை திறக்க வேண்டும். மஞ்சூருக்குக் கடைசி பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. "போதும்ணா, நாளைக்கு எங்காச்சும் நிக்க வெச்சு எடுத்துக்கலாம். சிரிக்கறதுக்கு என்ன எமரால்டுதான் வேணுமா?" என்றாள்.

நாளை என்பது வரவில்லை. ரவிக்குமாருக்கு மறுநாள் கோயம்புத்தூரில் விசாவுக்கான மெடிக்கல். அடுத்த வாரம் வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போய்விட்டான். போன இடத்தில் ஏழாம் மாதம், நின்றிருந்த டிரக்கின் பின்னால் அவன் வண்டி போய் மோதியது.

பத்தொன்பது நாள் கழித்துப் பெட்டி வந்தது. மரப்பெட்டி, அதற்குள் ஈயம் பூசிப் பற்றவைத்த தகரப்பெட்டி. திறக்கக் கூடாது என்று மேலே காகிதம் ஒட்டியிருந்தது. தெய்வம்மா ஒரு தடவை கேட்டாள், மூஞ்சியை மட்டும் பார்க்கலாமா என்று. கூட வந்த ஆள் தலையை ஆட்டினான். அவள் மறுபடி கேட்கவில்லை. குளிப்பாட்டுவதற்கும் கோடி போடுவதற்கும் உடம்பு கைக்கு எட்டவில்லை. பெட்டியைச் சுற்றி வந்தார்கள், குழியில் இறக்கினார்கள், மண் தள்ளினார்கள். தெய்வம்மா அழவில்லை. அவளைக் கட்டிப்பிடித்து அழ வந்த பெண்கள் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, அவள் அழாததால் சங்கடப்பட்டு எழுந்து போனார்கள். அதன் பிறகு அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள், வந்தாள். கல்நெஞ்சக்காரி என்று ஒன்றிரண்டு பேர் சொன்னதும் உண்டு. ஊர் வாய்க்கு இதெல்லாம் ஒரு வேலை.

சுமலதாவுக்கோ அந்தச் சிரிப்பு. பத்து நிமிஷம் நின்றிருந்தால் எடுத்திருக்கலாம். படித்தவள்தான், மாத்திரைப் பெயரெல்லாம் தலைகீழாகச் சொல்வாள், இதை நம்பக் கூடாது என்று தெரியும். ஆனாலும் நம்பினாள். ஒரு பஸ்ஸுக்காக அவனைச் சாகக் கொடுத்துவிட்டோம் என்று நம்பினாள்.

சென்னையில் சின்ன பேண்டுகளின் பாட்டுகளைப் போடுகிற ஒரு சானல், வீடியோவை அனுப்பச் சொல்லியிருந்தது. மூன்று பேரும் சில்வஸ்டர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். ரவிக்குமார் பாடையில் ஏறிப் படுக்கிற இடம் வந்ததும் ஜெஸிந்தா எழுந்து வெளியே போய்விட்டாள். திரும்பி வந்து அவள்தான் சொன்னாள்: "அவன் படுக்கறத வெட்டிரலாங்கண்ணா. எந்திரிக்கறது மட்டும் இருக்கட்டும். அவங்கம்மாவுக்கு அவன் எந்திரிச்சு வாசிக்கறதப் பாத்தா ஒரு ஆறுதலாட்ட இருக்கும்." எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சில்வஸ்டர் அந்தக் காட்சியை மொத்தமாக வெட்டினான். வெட்டிய பிறகு வீடியோவில் மூன்று பேர்தான் சாகிறார்கள். நாலு பேர் எழுகிறார்கள். கணக்கு உதைக்கிறதே என்று சில்வஸ்டர் முனகினான். யாரும் காது கொடுக்கவில்லை.

தெய்வம்மா வாசலில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்து, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். சுமலதாவைப் பார்த்ததும் ஊசியைச் சேலையில் குத்திவைத்துவிட்டு எழுந்தாள்.

"வா புள்ள. தேத்தண்ணி ஊத்தவா?"

"அப்பறமாக் குடிக்கறேன் பெரியம்மா. உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். ரவி வாசிச்சது. வெளிய விடலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

தெய்வம்மா உள்ளே போய் ஸ்டூலை எடுத்து வந்து போட்டாள். சுமலதா லேப்டாப்பை அதன் மேல் வைத்தாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது.

முத்துராஜுக்குக் கரண்ட் அடித்தபோது தெய்வம்மா லேசாகச் சிரித்தாள். ஜெஸிந்தா காட்டெருமையோடு மல்லுக்கு நின்றபோது, "அவ ஆத்தாளும் இப்படித்தான்," என்றாள். பாடைக்கு முன்னால் மகன் டிரம் அடித்துக்கொண்டு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. பிறகு நாலு பேரும் எழுந்தார்கள். மாலை போட்ட கழுத்தோடு ரவிக்குமார் பாடையிலிருந்து எழுந்து, டிரம்ஸை நோக்கி நடந்துபோய் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஓங்கினான்.

"நிறுத்து," என்றாள் தெய்வம்மா. "கொஞ்சம் பின்னால போ."

சுமலதா பின்னால் போனாள்.

"இந்தா, இங்க. அவன் கால்ல என்ன இழுபடுது?"

சுமலதா பார்த்தாள். வலது கால் பெருவிரலில் வெள்ளைத் துணி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கி, அவன் நடக்க நடக்கத் தரையில் புரண்டுகொண்டு வந்தது. இந்தக் காட்சியை அவர்கள் முப்பது தடவை பார்த்திருப்பார்கள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

"இது கால்கட்டு," என்றாள் தெய்வம்மா. "கட்டியிருந்தா படுக்க வெச்சிருப்பீங்கல்ல. அது எங்க?"

"வெட்டி எடுத்துட்டோம் பெரியம்மா."

"ஏன்?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமின்னு."

தெய்வம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் சுமலதாவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எல்லாம் கொட்டிவிட்டது. எமரால்டு, மிஸ்ட், பஸ், சிரிக்க வைத்துப் படம் எடுக்கிற வழக்கம், தான் அவசரப்படுத்தியது. "மத்த மூணு பேரும் சிரிச்சோம் பெரியம்மா. அவன மட்டும் நாந்தான் சிரிக்க விடல," என்று சொல்லி முடித்தாள்.

"சிரிச்சிருந்தா அங்க லாரி நவுந்து நின்னிருக்குமா?" என்று கேட்டாள் தெய்வம்மா. கேட்ட விதத்தில் ஆறுதலும் இல்லை, கோபமும் இல்லை. அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை என்பது தெரிந்தது. "அத விடு. அவன் படுத்திருந்தது இருக்கா, அழிச்சுட்டீங்களா?"

"இருக்குங்க."

"போடு."

வெட்டாத காட்சி லேப்டாப்பில் தனியாக இருந்தது. சுமலதா அதைத் திறந்தாள். சில்வஸ்டர் நாலு நிமிஷம் நிறுத்தாமல் எடுத்திருந்தான். முதலில் கால், சேர்த்துக் கட்டிய பெருவிரல்கள். பிறகு மெல்ல மேலே ஏறி, மாலை, கோத்துவைத்த கைகள், நெற்றியில் காசு. மூடிய கண்கள். முகம் அமைதியாக இருந்தது. பின்னால் மிஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது.

தெய்வம்மா முன்னால் சாய்ந்தாள்.

"கட்டு யாரு கட்டுனது?"

"நாந்தான் பெரியம்மா."

"காசு?"

"ஜெஸி."

தெய்வம்மா தலையை ஆட்டினாள். "அங்க யாரும் கட்டியிருக்க மாட்டாங்க," என்றாள். "பெட்டியில போட்டு அடைக்கறவனுக்கு அதெல்லாம் எங்க தெரியப் போகுது? அப்ப நீ கட்டுனதுதான் எம்புள்ளைக்குக் கட்டுன கட்டு."

சுமலதா தன் விரல்களைப் பார்த்தாள்.

"நாலு மாசமா இத வெச்சுக்கிட்டு எங்கடி இருந்த?" இப்போதுதான் தெய்வம்மாவின் குரலில் கோபம் வந்தது. "தகரத்தப் பாத்து எப்படி அழுவறது? நான் வேணும்னா அழுவாம இருந்தேன்? மூஞ்சி வேணும்டி. அது செத்த மூஞ்சின்னு ஒரு தடவ பாக்கணும். பாக்காம எனக்கு எப்படி வரும்?"

கஷ்டப்படுத்த வேண்டாம் என்று அவர்கள் கண்ணும் கருத்துமாக வெட்டி எறிந்தது அதைத்தான். ஆறுதலாக இருக்கும் என்று விட்டு வைத்தது, செத்த மகன் எழுந்து வருகிறதை. தாங்கள் செய்த காரியம் அப்போதுதான் சுமலதாவுக்கு உறைத்தது. நாலு மாதம் சிரிப்பை நினைத்து அழுதது எவ்வளவு வீண் என்றும் உறைத்தது.

"இதயே வெளிய விடு," என்றாள் தெய்வம்மா. "படுத்துக் கெடக்கறது இருக்கட்டும். அவன் எந்திரிக்கறத வெட்டிரு."

"கடைசியில நாலு பேரும் எந்திரிச்சு வர்றதுதான் பெரியம்மா இந்த மாதிரிப் படத்துக்கே..."

"நீங்க மூணு பேரும் எந்திரிங்க. நான் வேணாங்கல. நல்லாப் பாடுங்க, நல்லா இருங்க. அவன எழுப்பாத."

சுமலதா சரியென்று தலையசைத்தாள். அந்த வகைப் படத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை என்று சில்வஸ்டர் சொல்வான். சொல்லட்டும் என்று நினைத்தாள். மூன்று பேர் எழுந்து வாசிப்பார்கள். நாலாவது ஆள் படுத்திருப்பான். அவன் அடித்த டிரம்ஸ் மட்டும் பாட்டில் கேட்கும்.

தெய்வம்மா, "முகத்துக்கிட்ட நிறுத்து," என்றாள். சுமலதா நிறுத்தினாள். தெய்வம்மா படங்கைத் தள்ளி வைத்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். இரண்டு கையாலும் மார்பில் ஒரு அடி அடித்து, "எஞ்சாமி" என்று எடுத்தாள். லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கிற குரல். சுமலதாவுக்கு அந்தக் குரல் அவளிடம் இருந்ததே தெரியாது.

பக்கத்து வீட்டு மூக்கம்மா முதலில் வந்தாள். கையில் இருந்த முறத்தை வாசலிலேயே போட்டுவிட்டு, ஸ்டூலில் இருந்த முகத்தைப் பார்த்தாள், தெய்வம்மாவைப் பார்த்தாள். எதையும் கேட்கவில்லை. உட்கார்ந்து தெய்வம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு வீடாகப் பெண்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு இடம் விட்டு ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தினார்கள். சாவு வீட்டில் எப்படி உட்கார்வார்களோ அப்படியே, முகத்தைச் சுற்றி, தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்தார்கள்.

சும்மா விட்டால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் லேப்டாப் தானாக இருண்டுவிடும். அதை எப்படி மாற்றுவது என்று பார்க்க அது நேரமில்லை. சுமலதா ஸ்டூலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கீபோர்டு மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டாள். முகம் மங்க ஆரம்பிக்கும்போதெல்லாம் தொட்டாள். அழுது முடிகிற வரைக்கும் தொட்டுக்கொண்டே இருந்தாள்.